தென்வானத்துக்கு மேட்சிங்

செங்கல்பட்டு பஜாரில் ஒரு மேட்சிங் சென்டரில் எனக்கு வேலை. சேலையைக் கொண்டுவருவார்கள். அதற்குப் பொருந்துகிற பிளவுஸ் துணி, உள்பாவாடை, ஃபால்ஸ் மூன்றையும் எடுத்துக் கொடுக்க வேண்டும். கேட்க லேசான வேலை போலத்தான் தெரியும். ஒரு முகூர்த்த மாதத்தில் வந்து நின்று பாருங்கள், தெரியும் சேதி. சிவப்பு என்று ஒரு கலரே எங்கள் கடையில் கிடையாது. குங்குமம், மிளகாய்ப்பழம், தக்காளி, அரக்கு, செங்கல் என்று அலமாரி முழுக்க அடுக்கியிருக்கும். வருகிறவர்கள் "செவப்பு குடு" என்பார்கள். எந்தச் சிவப்பு என்று கேட்டால், நான் ஏதோ வம்புக்கு இழுத்த மாதிரி முறைப்பார்கள்.

டியூப்லைட்டை நம்பாதே என்பதுதான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குச் சொன்ன முதல் விஷயம். உள்ளே அச்சு அசலாகப் பொருந்துகிற துணி வெளியே போனால் பல்லை இளிக்கும். அதனால் சேலையையும் துணியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவோம், வெயிலில் சேர்த்துப் பிடித்துப் பார்ப்போம், திரும்ப உள்ளே ஓடுவோம். நாள் முழுக்க இதே ஓட்டம். சாயந்திரம் கரண்ட் போனால் மட்டும் நிம்மதி. இருட்டில் அரக்கும் கிளிப்பச்சையும் ஒன்றுதான், வியாபாரமே நடக்காது. வாசலில் ஸ்டூலைப் போட்டுக் கதை பேசுவோம். இன்வெர்ட்டர் வாங்குங்கள் என்று முதலாளியம்மாவிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

எங்கள் வீட்டுக்காரரை நான் முதலில் பார்த்ததும் அந்தக் கடையில்தான். அப்போது அவர் எனக்கு யாரோ. அக்காவின் நிச்சயதார்த்தச் சேலைக்கு பிளவுஸ் துணி எடுக்க அச்சரப்பாக்கத்திலிருந்து வந்திருந்தார். இந்த மாதிரி வேலைக்கு ஆம்பளையைத் தனியாக அனுப்புகிற வீட்டாரை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதைக் கொடுத்தாலும் தலையாட்டி வாங்கிப் போவார்கள், மறுநாள் மாற்ற வந்து நிற்பார்கள். இவர் அப்படி வாங்கிக்கொண்டு போகவில்லை. இரண்டு துணியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, கூட்டம் குறைகிறவரை ஓரமாக நின்றார். அப்புறம் என் பக்கம் வந்து, "இதுல எது பச்சை?" என்றார்.

ஒன்று பாசிப்பச்சை, இன்னொன்று அரக்கு. கைக்குழந்தை சொல்லும். ஆள் கிண்டல் பண்ணுகிறான் என்றுதான் நினைத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஏன், கண் தெரியாதா என்று கேட்டுவிட்டேன்.

"பச்சையும் செவப்பும் தெரியாதுங்க. மெதுவாப் பேசுங்க" என்றார்.

சேலையை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன், வெயிலில் பிடித்துப் பார்த்துச் சரியான துணியை எடுத்துவந்து பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரம் கைக்குட்டை இருக்கிறதா என்று வந்தார். மேட்சிங் சென்டரில் ஏது கைக்குட்டை? அதற்கடுத்த வாரம் ஊசி கேட்டு வந்தார். முதலாளியம்மாவே சிரித்துவிட்டார்கள். இரண்டு வீட்டிலும் தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை, இப்போது ஆளுக்கொரு சம்பளம். அதனால் பெரிய பேச்சுவார்த்தை எதுவும் தேவைப்படாமல் கல்யாணம் நடந்தது.

கல்யாணத்துக்குப் பிறகுதான் முழுக் கதையும் சொன்னார். ரயில் ஓட்டுகிற வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியிருந்தார். மெடிக்கலில் ஒரு புத்தகத்தைக் காட்டினார்களாம். பக்கம் முழுக்கக் கலர் கலராகப் புள்ளி, நடுவில் ஒரு நம்பர் ஒளிந்திருக்குமாம். முன்னால் போனவர்கள் எல்லாம் நம்பரைப் படித்துவிட்டு வந்தார்கள். இவருக்கு வெறும் புள்ளிதான் தெரிந்தது. பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டியும் புள்ளிதான். வரிசையில் பின்னால் நின்றவன் அந்த நம்பரை எட்டிப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்துச் சிரித்தானாம். வீட்டில் பி.பி. அதிகம் என்று சேர்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். எங்கள் சொந்தத்தில் உண்மை தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

அப்புறம்தான் சமையல் படித்து, மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட் கிச்சனில் சேர்ந்திருந்தார். சமைக்கிறவருக்குக் கலர் தெரிய வேண்டாமா என்று கேட்டேன். வெங்காயம் வதங்கியதை வாசனை சொல்லுமாம், கறி வெந்ததை விரல் சொல்லுமாம். சமையல் என்னவோ பிரமாதம்தான். ஆனால் தக்காளி வாங்க மட்டும் அனுப்ப முடியாது. பழுத்ததா என்று பார்க்க ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்குவார், கடைக்காரம்மா அமுக்கினதை எல்லாம் நீயே வாங்கிக்கோ என்று தலையில் கட்டிவிடுவாள். எங்கள் வீட்டில் அப்போதெல்லாம் தினமும் தக்காளிச் சட்னிதான்.

மாமல்லபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அவருடைய லீவு நாளில் நான் கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிடுவேன். கூட்டம் இருக்கிற பக்கம் போகாமல், மீனவர் குப்பத்தைத் தாண்டி, வலை காயப் போட்டிருக்கிற இடத்துக்கு அப்பால் போய் உட்காருவோம். அவர் போனில் கடலைப் படம் எடுப்பார். எடுத்துவிட்டு, இப்போது வானம் என்ன கலர் என்று கேட்பார். வெங்காயச் சருகு என்பேன். இப்போது? கத்திரிப்பூ. இப்போது? துவைத்துத் துவைத்து வெளுத்த ஊதா. அவர் சிரிப்பார். ஒரு சுண்டல் பொட்டலமும் இந்தப் பேச்சும்தான் எங்கள் பொழுதுபோக்கு. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில், கூட வேலை செய்த ஒருவர் மூலமாக டாஸ்மேனியாவில் ஒரு சின்ன ஊர் ஓட்டலில் வேலை கிடைத்தது. ஆஸ்திரேலியாவுக்கும் கீழே இருக்கிற தீவு அது. அதற்கும் கீழே போனால் பனிக்கட்டிதான். இரண்டு வருஷம், கொஞ்சம் கையில் சேர்ந்ததும் வந்துவிடுவேன் என்றுதான் போனார். நான் மாமல்லபுரம் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு செங்கல்பட்டில் அம்மாவோடு வந்து சேர்ந்தேன்.

போன புதிதில் போனில் பேசினால் குளிர், குளிர் என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஒருநாள் குரலே மாறியிருந்தது. கிச்சன் குப்பையைக் கொட்டப் பின்பக்கம் போனவர், கடற்கரையில் பத்துப் பேர் கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் மாட்டித் தெற்கே பார்த்து நிற்பதைப் பார்த்திருக்கிறார். அந்தப் பக்கம் சில ராத்திரிகளில் வானத்தில் வெளிச்சம் திரை மாதிரி தொங்குமாம். சூரியனிலிருந்து கிளம்பி வருகிற ஏதோ துகள் காற்றில் மோதுவதால் வருவதாம். துருவ ஒளி என்பார்களாம். எனக்குப் பாதி புரிந்தது. ஆனால் அவர் இப்படி மூச்சுவிடாமல் பேசி நான் கேட்டதே இல்லை.

பழைய கேமரா ஒன்று வாங்கினார். அங்கே குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஓட்டல் லீவு நாளில் போய் நின்றுவிடுவார். வெளிச்சம் வரும்போல இருந்தால் போனில் ஒரு மணி அடிக்கும், அதற்கென்று ஒரு செயலி. கடற்கரையில் யாரும் வெள்ளை டார்ச் அடிக்கக் கூடாது, எல்லார் படமும் கெட்டுவிடும். சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்தான். ஷட்டரைப் பத்துப் பதினைந்து விநாடி திறந்து வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். நேரில் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். நல்லா கீது என்றார். அவ்வளவுதான் பதில்.

முதல் படத்தை அவரே சரிபண்ணி, அவரே போட்டார். அங்கே வானத்தைப் படம் எடுக்கிறவர்களுக்கு நெட்டில் ஒரு குரூப் இருக்கிறது, அதிலும் போட்டார், நம் ஊர்க்காரர்கள் பார்க்கிற தன் பக்கத்திலும் போட்டார். கலரை ஏற்றி இறக்குகிற இடத்தில் எதை எங்கே இழுத்தாரோ தெரியாது, பச்சையாக இருக்க வேண்டிய வானம் ஆரஞ்சாக இருந்தது, மணல் ரோஸ், கடல் தக்காளி ரசம். அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது. வெள்ளைக்காரர்கள் என்ன குடித்துவிட்டு எடுத்தாய் என்று கேட்டார்கள். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? "மச்சான், ஆகாசத்துல கேசரி கிண்டுறியா?" என்று அவர் சித்தப்பா மகன் எழுதினான், அதற்கு முப்பது பேர் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்றே அவருக்குப் புரியவில்லை. எனக்குப் போன் பண்ணிக் கேட்டார். நான் சொன்னேன். போட்ட படத்தை நீக்கிவிட்டு, ஒரு மாதம் அவர் கேமராவைத் தொடவில்லை.

எனக்கு அந்தச் சித்தப்பா மகன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் அவனிடம் என்னவென்று சொல்லிச் சண்டை போடுவது? கலர் தெரியாத விஷயம் வெளியே வந்துவிடும். யோசித்துப் பார்த்தேன். நாள் முழுக்க ஊரார் கலரைத்தானே பார்க்கிறேன், என் வீட்டுக்காரர் கலரைப் பார்க்க மாட்டேனா? எடுத்த படத்தை அப்படியே எனக்கு அனுப்பு, ஒரு புள்ளியைக்கூட நீ தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அங்கே ராத்திரி ஒன்பது என்றால் இங்கே சாயந்திரம் மூன்றரை, நாலரை. படம் வந்து விழும்போது நான் கடையில் இருப்பேன். வெயிலில் போன் திரை தெரியாது. துணிக்கு வாசலுக்கு ஓடுகிறவள் வானத்துக்கு ஸ்டாக் ரூமுக்கு ஓடினேன். உள்பாவாடைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கலரை ஏற்றி இறக்கி, மணல் மணலாகவும் கடல் கடலாகவும் தெரிகிறவரை விட மாட்டேன். முதலில் கொஞ்சம் சொதப்பினேன். பிறகு அந்தக் குரூப்பில் மற்றவர்கள் போடுகிற படங்களைப் பார்த்துப் பார்த்துப் பிடிபட்டது. எதையும் ஒரு நூல் அதிகமாக ஏற்ற மாட்டேன். ஏற்றினால் அது மலிவு பாலியெஸ்டர் மாதிரி மினுக்கும்.

படத்தைத் திருப்பி அனுப்பும்போது அவருக்கு விவரமும் சொல்ல வேண்டும், யாராவது கேட்டால் பதில் சொல்லணுமே. பச்சை, சிவப்பு என்று சொன்னால் அவருக்கு எது எங்கே என்று தெரியாது. அதனால் சேலைக் கணக்கில் சொன்னேன். கடலை ஒட்டி இருப்பது பார்டர். அதற்கு மேலே உடம்பு. உச்சியில் இருப்பது முந்தானை. "பார்டர் கிளிப்பச்சை, ரெண்டு விரல் அகலம். உடம்பு வாடாமல்லி. முந்தானை மெல்லிசா ரோஸ்." உடனே பிடித்துக்கொண்டார். அப்புறம் நாங்கள் துருவ ஒளி என்ற வார்த்தையையே விட்டுவிட்டோம். இன்றைக்குச் சேலை வருமா, நேற்று வந்த சேலைக்குப் பார்டரே இல்லையே என்றுதான் பேசுவோம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மா, மாப்பிள்ளை அங்கே ஜவுளிக்கடை வைத்துவிட்டாரோ என்று கேட்டாள்.

அதையே அவர் பக்கத்தில் படத்துக்குக் கீழேயும் எழுதிப் போட்டேன். "இன்றைய சேலை: கிளிப்பச்சை பார்டர், கத்திரிப்பூ உடம்பு, முந்தானையை மேகம் உடுத்திக்கொண்டு போய்விட்டது." ஜனங்களுக்கு அது பிடித்துப்போனது. யார் யாரோ பக்கத்தில் வந்து சேர்ந்தார்கள். கேசரி கிண்டச் சொன்னவன்கூட வந்து லைக் போட்டான். எழுதுகிறது அவர் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. சொல்லப்போனால் குஷியாக இருந்தது.

ஒருநாள் நாவலூரிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தாள், ஐ.டி. கம்பெனியில் வேலை. செங்கல்பட்டில் மாமியார் வீடு. போனைத் திறந்து, இந்த வானத்தின் அடியில் ஓடுகிற பச்சைக்கு பிளவுஸ் துணி இருக்கிறதா என்று கேட்டாள். பார்த்தால் எங்கள் படம். முந்தின வாரம் நானே ஸ்டாக் ரூமில் உட்கார்ந்து சரிபண்ணியது. அலமாரியில் எந்தத் தட்டு, எத்தனையாவது அடுக்கு என்று எனக்குத் தெரியாதா? எடுத்து வைத்தேன். எப்படிங்க இவ்வளவு கரெக்டா எடுத்தீங்க என்று வாய் பிளந்தாள். பழக்கம்தான் என்றேன். அன்று ராத்திரி அவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிப்புச் சத்தம் அவ்வளவு தூரத்திலிருந்து போனில் வந்தது.

இரண்டு வருஷம் முடிந்தது, மூன்றும் ஆனது. ஓட்டல் முதலாளி இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார் என்றார். அவர் இழுத்த இழுப்பிலேயே இருக்க ஆசைப்படுகிறார் என்று தெரிந்துவிட்டது. இங்கே விசேஷத்துக்குப் போனால் போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி. வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தையே பார்ப்பார்கள். புருஷன் அங்கே வேறு யாரையாவது வைத்திருக்கிறானா என்று ஒரு கிழவி நேராகவே கேட்டாள். வேறு யாரும் இல்லை, வானம்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? எனக்கு என் மனுஷன் வேண்டும். அவ்வளவுதான். லைக்கும் வேண்டாம், பக்கமும் வேண்டாம், மாமல்லபுரத்துச் சந்தில் ஒரு ரூம் போதும்.

சண்டை போட்டேன். வேலைக்காகவா இருக்கிறாய் என்று கேட்டேன். இல்லை என்றார். ஓட்டலில் கிடைக்கிற சம்பளம் அவ்வளவு பெரிதில்லை, இப்போதைக்குக் கையில் இருப்பதே போதும் என்று அவரே சொன்னார். அப்புறம் என்னத்துக்கு? "அந்தக் கடற்கரைல நின்னா நல்லா கீது மே" என்றார். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"உனக்குத்தான் அதுல ஒரு கலரும் தெரியாதே. இன்னாத்த பார்த்துகினு அங்க நிக்கிற?"

அவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதோடு பேச்சு நின்றது. படமும் வரவில்லை. நான் ஸ்டாக் ரூம் பக்கமே போகவில்லை.

இரண்டு வாரம் இப்படிப் போயிருக்கும். முகூர்த்த மாதம், கடையில் மூச்சுவிட இடமில்லை. கருங்குழியிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் மொத்தமாக வந்து, சேலைகளைக் கௌண்டர் முழுக்கப் பரப்பியிருந்தார்கள். என் போன் அடித்தது. பார்த்தால் அவர், அதுவும் வீடியோவில். எப்போதும் படம்தான் அனுப்புவார், அந்த நேரத்தில் கூப்பிடவே மாட்டார். என்னவோ ஏதோ என்று பதறி, கையில் இருந்த துணியோடு ஸ்டாக் ரூமுக்கு ஓடினேன்.

திரையில் முதலில் அவர் முகம், இருட்டில் பாதிதான் தெரிந்தது. அப்புறம் போனைத் திருப்பினார். எனக்குக் கையிலிருந்த துணி கீழே விழுந்துவிட்டது. இத்தனை நாள் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. வானம் மொத்தமும் எரிகிறது. அங்கே நிற்கிறவர்கள் இங்கிலீஷில் ரெட், ரெட் என்று கத்துவது கேட்டது, யாரோ அழுகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள். எல்லாச் சத்தத்துக்கும் நடுவில் அவர் குரல் மட்டும் தாழ்ந்து வந்தது.

"சொல்லு மே" என்றார்.

கோபத்தில் இருக்கிறேன் என்பதே மறந்துபோனது. "பார்டர் கிளிப்பச்சை. மெல்லிசு, கடல ஒட்டினாப்ல. உடம்பு வாடாமல்லி, பட்டு மாதிரி கீது. முந்தானை அரக்கு."

"அரக்கு எதுவரிக்கும்?"

"போன மேல தூக்கு. இன்னும் தூக்கு. உன் தலைக்கு மேல வரிக்கும் அரக்குதான்."

மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொருமுறை கேட்டார். மூன்றாவது முறை சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. ஏன் அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வெளியே முதலாளியம்மா என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள், கல்யாண வீட்டார் கத்துகிறார்கள். சரி, போய் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அன்று ராத்திரி படம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மறுநாளும் இல்லை. உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் அந்த வானத்தைப் போட்டுத் தள்ளினார்கள். போனைத் திறந்தால் சிவப்பு சிவப்பாக அதுதான். எங்கள் பக்கம் மட்டும் காலி. எங்கே அந்தச் சேலை, உங்கள் ஊரில்தானே வந்தது என்று ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் அவரிடம் கேட்கவில்லை. நான் பேசிய பேச்சு அவர் மனசில் தைத்துவிட்டது, அதனால்தான் படம் அனுப்பவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சோறு இறங்கவில்லை எனக்கு.

நாலாவது நாள் கூப்பிட்டார். "டிக்கெட் போட்டுட்டேன். அம்மாகிட்ட சொல்லிடு" என்றார். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்டுக் கெடுத்துக்கொள்ளவில்லை. ஏர்போர்ட்டில் ஆள் பாதியாக இளைத்து, மூட்டைபோல ஒரு கேமரா பையோடு வெளியே வந்தார். அவரைப் பார்த்ததும் முதலில் திட்டத்தான் வாய் வந்தது. சாப்பாடு போடுகிற ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு இப்படியா வருவது என்றேன். அவர் சிரித்தார்.

மறுபடி மாமல்லபுரத்திலேயே ஒரு கிச்சனில் சேர்ந்தார். அதே சந்தில், இரண்டு வீடு தள்ளி ஒரு ரூம் கிடைத்தது. நான் மறுபடி பஸ் பிடித்துச் செங்கல்பட்டு போய்வர ஆரம்பித்தேன். தக்காளிச் சட்னியும் மறுபடி ஆரம்பித்தது. கேமரா மட்டும் பையைவிட்டு வெளியே வரவில்லை. நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அப்புறம் ஒரு லீவு நாள் சாயந்திரம். பழையபடி குப்பத்தைத் தாண்டிப் போய் மணலில் உட்கார்ந்தோம். வெயில் எங்கள் முதுகுப் பக்கம் இறங்கிவிட்டது, கடல் கறுத்துக்கொண்டு வந்தது. கரையேற்றி வைத்த படகுகளின் மேல் காக்கைகள். அவர் சட்டைப்பையில் போன் மணி அடித்தது. எனக்குத் தெரியும் அந்த மணி. அந்தத் தீவில் வெளிச்சம் வரப்போகிறது என்று செயலி சொல்கிறது. அவர் அதை இன்னும் அழிக்கவில்லை.

"சேலை வருதாம்" என்றார்.

திரும்பப் போக வேண்டும் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். கேட்டே விடுவோம் என்று, அங்கே நேரில் பார்த்தால் எப்படித்தான் இருக்கும், நல்லா கீது என்று மழுப்பாமல் சொல் என்றேன்.

அவர் என் முந்தானையைக் கையில் எடுத்துக் காட்டினார். "இது இன்னா கலரு?"

"மிளகாய்ப்பழம்."

"தெரியுதா? இல்ல, தெரியும்னு சொல்றியா?"

குனிந்து பார்த்தேன். நன்றாக இருட்டிவிட்டிருந்தது. காலையில் நானே எடுத்துக் கட்டிய சேலைதான். அதில் இப்போது ஒரு சிவப்பும் இல்லை.

"சாம்பல்" என்றேன்.

"அங்கயும் இப்டித்தான் மே. எல்லாருக்குமே."

அப்புறம்தான் சொன்னார். முக்கால்வாசி நாள் அந்த வெளிச்சம் மனுஷக் கண்ணுக்குக் கலராகவே தெரியாதாம். புகை மாதிரி ஒரு வெளுப்பு, அவ்வளவுதான். படம் எடுக்க வந்து பக்கத்தில் நிற்கிற டாக்டருக்கும் அப்படித்தான், வாத்தியாருக்கும் அப்படித்தான். அது மேகமா, வெளிச்சமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்களாம். கேமரா ஷட்டரைத் திறந்து வைத்துச் சேர்த்துப் பிடித்தால்தான் பச்சையும் சிவப்பும் வரும். நான் இத்தனை நாள் அந்த வானம் படத்தில் உள்ள மாதிரியே தொங்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்!

"கரண்டு போன உங்க கட மாதிரி கீது அந்த எடம். யாரும் எங்கிட்ட வந்து இது இன்னா கலருன்னு கேக்க மாட்டாங்க. அவங்களுக்கே தெரியாது. அதுக்குத்தான் போய்ப் போய் நின்னேன்."

அந்தப் புள்ளிப் புத்தகத்தைப் பார்த்த நாளிலிருந்து, பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் தான் மட்டும் பார்க்காமல் நின்ற மனுஷன். பூமிக்குக் கடைசியில் ஒரு கடற்கரையில், எல்லார் கண்ணும் தன் கண்போலவே இருக்கிற ஒரு இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். அதைத்தான் நான் விட்டுவிட்டு வா, வா என்று இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எதிரில் கடலும் தெரியவில்லை, அலைச் சத்தம்தான் கேட்டது.

"அன்னிக்கி?" என்றேன். எந்த நாள் என்று அவருக்குப் புரிந்தது.

"அன்னிக்கி எல்லாருக்கும் தெரிஞ்சிது. வெறுங்கண்ணாலயே. செவப்பு செவப்புன்னு ஒர்த்தர ஒர்த்தர் கட்டிப் புடிச்சிக்கிறாங்க. எனக்கு மட்டும் அதே சாம்பல்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? கேமராவ பையிலயே வச்சிட்டு உனக்குப் போன் பண்ணேன்."